கிரைண்டரில் இருந்தது இட்லி மாவு இல்லை



போன நவம்பரில் நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தபோது ஒரு கிரைண்டர் படம் போட்டிருந்தேன், ஞாபகம் இருக்கும். "டீச்சர், இட்லி மாவு ஏன் மஞ்சளா இருக்கு?" என்று 98 பேட்ச் பையன் ஒருவன் கேட்டான். "மதினி, அங்க போயும் மாவாட்டுறதுதான் வேலையா?" என்று சாத்தூரிலிருந்து ஒரு விசாரணை. எல்லோருக்கும் "பிறகு எழுதுகிறேன்" என்று பதில் போட்டேன். ஊர் வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது, இன்றைக்குத்தான் கை ஒழிந்தது. நீளமாகத்தான் வரும். வீட்டுப்பாடம் இல்லை, முடிந்தபோது படியுங்கள்.

அது இட்லி மாவு இல்லை, மக்காச்சோளம். நம் பக்கம் கோழித் தீவனத்துக்கு லாரி லாரியாகப் போகிறதே, அதில் வெள்ளை ரகம். சுண்ணாம்புத் தண்ணீரில் வெந்ததால் லேசாக மஞ்சள் தட்டியிருக்கிறது. ஆட்டச் சொன்னவள் மெக்ஸிகோவில் வஹாக்கா என்ற மாநிலத்துக்காரி. (இங்கிலீஷில் எழுதும்போது நடுவில் எக்ஸ் வரும், வாயில் ஹ வரும். நம் 'ழ'வை வெளியூர்க்காரர்கள் படுத்துகிற பாடுதான்.)

மகள் இருப்பது எடிசன். வியாழக்கிழமைதோறும் வீடு சுத்தம் செய்ய இவள் வருவாள். வயது 45 இருக்கும். பெயர் எழுத மாட்டேன். அமெரிக்கா வந்து 19 வருஷமாகியும் அந்த நாட்டுக் காகிதம் அவளிடம் இல்லை. ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. பிள்ளைகள் இரண்டும் அங்கேயே பிறந்தவை. அதனால் தங்கச்சி என்றே எழுதுகிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிட்டேன். அர்த்தம் சொன்ன பிறகு அவளுக்கும் பிடித்துப்போனது.

முதல் நாள் மகள் என்னைக் காட்டி "எங்கம்மா ஸ்கூல் டீச்சர்" என்று சொன்னதும், அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்று "மாயெஸ்த்ரா" என்றாள். அவர்கள் ஊரில் ஆசிரியையை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். பெயர் சொல்லிக் கூப்பிடும் அமெரிக்க வழக்கம் அவளிடம் ஒட்டவில்லை. நான் ஓய்வு பெற்று 6 வருஷம். அந்த வீட்டில் ஒரு வாய்க்கு நான் அம்மா, ஒரு வாய்க்குப் பாட்டி, பக்கத்து வீட்டுக்காரர் வாய்க்கு ஒன்றுமே இல்லை. டீச்சர் என்று ஒருத்தி கூப்பிடக் கேட்டதும் எனக்கு என்ன ஆனது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு வியாழக்கிழமை எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன்.

பேச்செல்லாம் மகளின் பழைய போன் வழியாகத்தான். நான் தமிழில் சொன்னால் அது ஸ்பானிஷில் சொல்லும். அவள் ஸ்பானிஷில் சொன்னால் தமிழில் ஏதோ சொல்லும். அந்த 'ஏதோ' என்ன பாடுபடுத்தியது என்று பின்னால் வருகிறேன்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கேட்டேன். அவள் அம்மா மே மாதம் இறந்துபோனாராம். அடக்கத்தை போனில்தான் பார்த்தாளாம், அதுவும் நடுவில் சிக்னல் போய்விட்டதாம். இப்போது நவம்பர் 1, 2 வரப்போகிறது. இறந்தவர்கள் வீட்டுக்கு வந்துபோகும் நாட்கள் என்று மெக்ஸிகோவில் கொண்டாடுவார்கள். முதல் நாள் குழந்தைகளாக இறந்தவர்களுக்கு, இரண்டாம் நாள் பெரியவர்களுக்கு. மேசை போட்டு, படம் வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, தண்ணீர், உப்பு, பூ, பிறகு அவர்களுக்குப் பிடித்த சாப்பாடு. நம் அமாவாசைப் படையல்தான். பூவும் நம் கேந்திப்பூதான். அந்தப் பூவுக்கே சொந்த ஊர் மெக்ஸிகோ என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

"அம்மா இறந்து வருகிற முதல் வருஷம். அவர் வந்தால் என்ன வைப்பேன்?" என்றாள்.

என்ன பிடிக்கும் என்று கேட்டேன். கறுப்பு பீன்ஸ் தமால். சோள மாவைத் தட்டி, அதன் மேல் அரைத்த பீன்ஸைப் பூசி, மடித்து, சோளத்தோகையில் சுற்றி ஆவியில் வேகவைப்பது. கொழுக்கட்டையின் ஒன்றுவிட்ட சகோதரி என்று வைத்துக்கொள்ளுங்கள். விருந்துப் பண்டம் கூட இல்லை. அம்மா அதைக் கட்டிக் காட்டு வேலைக்குக் கொண்டுபோவாராம்.

"செய்துவிட வேண்டியதுதானே?" என்று சுலபமாகக் கேட்டுவிட்டேன். அவள் இருப்பது ஒரு வாடகை வீட்டின் ஒரு அறை. அடுப்பு மூன்று குடும்பத்துக்குப் பொது. காலையில் வீடு துடைக்கும் வேலை, சாயங்காலம் ஒரு உணவகத்தில் பாத்திரம். இதையெல்லாம் சமாளித்தாலும் மாவு கிடைக்காது என்றாள். கடையில் விற்கும் மாவு பாக்கெட் வேண்டாமாம். "அம்மாவுக்கு அது காகிதம்."

மெக்ஸிகோ சாப்பாடுதானே, இங்கே தெருவுக்குத் தெரு கிடைக்கிறதே என்று என் மகள் எங்கள் இருவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றுக்குக் கூட்டிப்போனாள். சுவரெல்லாம் பெரிய தொப்பி. அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று வளைத்த ஓட்டுக்குள் கொத்துக்கறி, மேலே மஞ்சள் சீஸ், எல்லாவற்றிலும் சீரகம். எனக்குப் பிடித்தது, பொய் சொல்ல மாட்டேன். அதைப் போலி என்று சொல்லவும் மாட்டேன். டெக்ஸாஸ் பக்கத்து மெக்ஸிகர்கள் அங்கே கிடைத்ததை வைத்து உண்டாக்கிய சமையல் அது, அதற்கும் ஒரு ஊரும் வரலாறும் உண்டு. ஆனால் தங்கச்சிக்கு அது வெளிநாட்டுச் சாப்பாடு. மரியாதைக்குச் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தைப் பையனுக்குக் கட்டிக்கொண்டாள். திருநெல்வேலிக்காரியைக் கூட்டிப்போய், தென்னிந்தியச் சாப்பாடு என்று போர்டு போட்ட இடத்தில் 'மெட்ராஸ் கறி' வாங்கிக்கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி.

அடுத்த வாரம் அவள் என்னைக் கூட்டிப்போனாள். எடிசனிலிருந்து ரரிட்டன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் நியூ பிரன்ஸ்விக். ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் பிரெஞ்ச் தெரு. பெயர்தான் பிரெஞ்ச், நடமாட்டம் முழுக்க வஹாக்கா. அந்த மாநிலத்து மக்கள் அங்கே நிறையப் பேர் குடியேறியிருக்கிறார்கள். ஒரு மளிகைக்கடைக்குள் நுழைந்ததும் நான் வாயடைத்துப்போனேன்.

சௌசௌ குவிந்து கிடந்தது. பெங்களூர்க் கத்திரிக்காய் என்று நாம் சொல்கிறோமே, அதன் பிறப்பே மெக்ஸிகோ பக்கம்தானாம். பருப்புக்கீரை கட்டுக்கட்டாக. நம் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியின் இனம், முள் சீவி, காய்கறியாக விற்கிறார்கள். சின்ன வயதில் அதன் பழத்தைத் தின்று வாய் சிவந்து அடி வாங்கியவள் நான். புளி இருந்தது. அதில் சர்பத் போடுகிறார்கள். புளிச்சகீரை வகைச் செடியின் சிவப்புப் புல்லியிதழைக் காயவைத்து அதிலும் ஒரு சர்பத். சேமியா பாக்கெட் ஒரு அலமாரி நிறைய. அதை எண்ணெயில் வறுத்து, தக்காளிச் சாற்றில் கொதிக்கவிட்டு, பிள்ளைகளுக்குச் சூப்பாகக் கொடுப்பார்களாம். மிளகாயில் மட்டும் பன்னிரண்டு டப்பா எண்ணினேன். மிளகாய் நமக்கு வந்ததே அந்தப் பக்கத்திலிருந்து என்று ஐந்தாம் வகுப்பில் உங்களுக்குச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. "குண்டூர் மிளகாய் டீச்சர்" என்றீர்கள்.

அந்தத் தெருவில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். கரும்பலகையில் அன்றைய சாப்பாடு: சூப், சிவப்புச் சோறு, குழம்பு, பீன்ஸ், ஒரு சர்பத், ரொட்டி. கணக்குப் பார்த்தால் நம் ஊர் மெஸ்தான். அங்கே தமாலும் கிடைத்தது, வாழையிலையில் கட்டியது. பிரித்ததும் வந்த மணத்தில் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. உள்ளே கோழியும் கறுப்பு மோலேயும். மோலே என்பது பலவகை மிளகாய், எள், கொட்டைகள், மசாலாப் பொருள்கள், கொஞ்சம் சாக்லேட் எல்லாம் வறுத்து அரைத்த குழம்பு. அபாரமாக இருந்தது. தங்கச்சி ரசித்துச் சாப்பிட்டாள். ஆனால் தலையை ஆட்டினாள். போன் சொன்ன தமிழை அப்படியே எழுதுகிறேன்: "இது திருமணம். நான் செவ்வாய்க்கிழமை தேடுகிறேன்."

அந்த மொழிபெயர்ப்பில் போன் தப்பே செய்யவில்லை. எவ்வளவு நல்ல கடையாக இருந்தாலும் கல்யாணச் சாப்பாட்டைத்தான் விற்க முடியும். செவ்வாய்க்கிழமைச் சாப்பாட்டுக்குக் காசு கொடுக்க யார் வருவார்?

திரும்பும்போது பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஓர் அம்மா, சாமான் தள்ளுவண்டியில் ஐஸ் பெட்டி வைத்து உட்கார்ந்திருந்தார். ஐஸ் பெட்டிக்குள் ஐஸ் இல்லை, துணி சுற்றிச் சூடாகத் தமால். பீன்ஸ் இருக்கிறதா என்று தங்கச்சி கேட்டாள். கடைசி இரண்டு இருந்தது. நின்றபடியே பிரித்து ஒரு வாய் வைத்தாள். முகம் மாறியது. விறுவிறுவென்று அந்த அம்மாவிடம் பேச ஆரம்பித்தாள். அது ஸ்பானிஷ் இல்லை. போன் விழித்தது. ஜாப்போடெக் என்ற அவர்களுடைய பழைய பாஷையாம், ஊருக்கு ஊர் மாறும் பாஷை. இருவருக்கும் பாதிதான் புரிந்ததாம், ஆனாலும் விடவில்லை. அரை மணி நேரம் பேசினார்கள். நான் இரண்டு பஸ்ஸை விட்டேன்.

"அம்மா சாப்பாடு மாதிரியா?" என்று கேட்டேன்.

"பக்கத்து ஊர்," என்றாள்.

பீன்ஸ் சரியாம். அதில் ஒரு மணம் இருந்தது, சோம்பு போல. சோம்பு இல்லை, அவகாடோ மரத்தின் இலை. நாம் வெண்ணெய்ப்பழம் என்று சொல்லுகிற மரம்தான். அங்கே ஒரு ரகத்தின் இலையை வாட்டி பீன்ஸோடு அரைப்பார்களாம். இலை இல்லாவிட்டால் சோம்பே போடலாமே என்று நான் யோசனை சொன்னேன். அவள் பார்த்த பார்வை, நான் சாம்பாரில் ரோஜாத் தண்ணீர் ஊற்றச் சொன்ன மாதிரி இருந்தது. மாவுதான் குறையாம். பாக்கெட் மாவு. விற்றவரே ஒத்துக்கொண்டார். "மில் எங்கே இருக்கிறது இங்கே?"

இந்த மில் விஷயம் நம் ஆட்களுக்கு உடனே புரியும். வஹாக்காவில் ஊருக்கு ஊர் சோளம் அரைக்கும் மில் உண்டு. ராத்திரி சுண்ணாம்புத் தண்ணீரில் சோளத்தை வேகவைத்து ஊறப்போட்டு, விடியற்காலையில் கழுவி வாளியில் எடுத்துக்கொண்டு பெண்கள் மில்லுக்குப் போவார்கள். ஈரமாகவே அரைத்து உருண்டையாகத் தரும். அதற்கு முந்தின தலைமுறையில் வீட்டில் அம்மி போன்ற கல். இதே வஹாக்காவில் கிலா நாகிட்ஸ் என்ற குகையில் கிடைத்த சோளக்கதிர்களுக்கு 6,000 வருஷத்துக்கு மேல் வயது. அவ்வளவு நாளாக அந்தச் சோளம்.

சுண்ணாம்பு எதற்கு என்றால், தோல் கழன்று வருவதற்கும், மாவு பிடிப்பாக வருவதற்கும். இன்னொன்றும் உண்டு. வைட்டமின் பி3 குறைந்தால் வரும் நோய் என்ன? வகுப்பில் கத்திச் சொல்வீர்களே, பெலக்ரா! சோளத்தில் இருக்கும் அந்தச் சத்து சுண்ணாம்பு சேர்த்தால்தான் உடம்பில் ஒட்டும். ஐரோப்பாக்காரர்கள் சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். சோளத்தையே நம்பியிருந்த இத்தாலி ஏழைகளுக்கும், பிற்பாடு அமெரிக்காவின் தென்மாநில ஏழைகளுக்கும் பெலக்ரா வந்தது அதனால்தான். 30 வருஷத்துக்கு மேல் இந்த நோயின் பெயரைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அடுப்படிக்குள் வைத்துப் பார்த்தது இப்போதுதான்.

வீட்டுக்கு வந்து "மில் இல்லை, மில் இல்லை" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்க, என் கண் சமையல் மேடை மூலைக்குப் போனது. மகள் கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த கோயம்புத்தூர் கிரைண்டர். துணி போட்டு மூடியிருந்தது. (மகளே, இதைப் படித்தால் கோபப்படாதே. ஓக் ட்ரீ ரோடில் மாவு பாக்கெட் வாங்குவதை எல்லோரும் அறிவோம்.) துணியை எடுத்துக் காட்டினேன். கல்லைத் தொட்டுப் பார்த்தாள். "கல்," என்றாள். போன் வேண்டியிருக்கவில்லை.

சாமான் பட்டியல் சொன்னாள். வெள்ளைச் சோளம், கறுப்பு பீன்ஸ், தோகை, பிறகு 'கால்' என்று ஏதோ சொன்னாள். போன் "எலுமிச்சை" என்றது. ஓடிப்போய் ஃபிரிட்ஜிலிருந்து நாலு எலுமிச்சம்பழம் எடுத்து வந்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சுவரில் வெள்ளையடிக்கிற மாதிரி கையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினாள். சுண்ணாம்பு! இங்கிலீஷில் எலுமிச்சைக்கும் சுண்ணாம்புக்கும் லைம் என்று ஒரே சொல். போன் ஸ்பானிஷிலிருந்து இங்கிலீஷுக்குப் போய் அங்கே வழி தவறித் தமிழுக்கு வந்திருக்கிறது. நானும் வெற்றிலையில் தடவுகிற மாதிரி நடித்துக் காட்டினேன். அவளுக்கு அது புரியவில்லை.

அவகாடோ இலையைத் தள்ளுவண்டி அம்மா கொடுத்தார். காசு வாங்கவில்லை. தனக்கு ஒரு தேவை வரும்போது திருப்பிச் செய்தால் போதும் என்றாராம். அந்த மக்களிடம் அதற்கு கெலகெட்சா என்று பெயர். யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று நோட்டுப் போட்டு எழுதி வைக்கும் வீடுகளும் உண்டாம். நம் செய்முறை நோட்டைப் பற்றிச் சொன்னேன். நம்ப மாட்டேன் என்றாள்.

அக்டோபர் 31 ராத்திரி சோளத்தை வேகவைத்து ஊறப்போட்டோம். மறுநாள் காலையில் அவள் வந்து தேய்த்துக் கழுவினாள். கிரைண்டர் என் பொறுப்பு. அங்கேதான் நான் கெடுத்தேன். 40 வருஷ இட்லி மாவு கை. கல் திணறுகிற சத்தம் கேட்டதும் கை தானாகத் தண்ணீரை ஊற்றிவிட்டது, ஒருமுறை இல்லை, நாலு முறை. மாவு அருமையாக, மைபோல, தளரத் தளர வந்தது. அவள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. தமாலுக்கு மாவு தட்டினால் நிற்க வேண்டும். இது ஊத்தப்பத்துக்குத்தான் ஆகும். அந்தப் படம்தான் நீங்கள் பார்த்தது. படம் எடுத்தவள் என் பேத்தி, அவளுக்கு அங்கே நடந்த விபரீதம் தெரியாது.

உண்மையிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு இருந்தது அந்த ஒரு நாள். பரீட்சையில் பிள்ளையின் பேப்பர் மேல் மை கொட்டினவள் மாதிரி நின்றேன். அவள் கொஞ்ச நேரம் மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் பையைத் திறந்து, ஒரு பாக்கெட் மாவை எடுத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டு வந்திருக்கிறாள்! 'காகிதம்' என்றாளே, அதே மாவு. இரண்டு கை அள்ளிப் போட்டுப் பிசைந்தாள். மாவு இறுகியது. "அம்மாவிடம் சொல்ல மாட்டோம், மாயெஸ்த்ரா," என்றாள்.

தோகையில் சுற்றிப் பெரிய இட்லிக் கொப்பரையில் நிற்கவைத்து அவித்தோம். 32 வந்தது. என்னை ஒன்றுகூட ருசி பார்க்க விடவில்லை, முதல் தட்டு அம்மாவுக்கு என்று.

மறுநாள் சாயங்காலம் மகளோடு அவள் அறைக்குப் போனேன். துணிப்பெட்டி மேல் வெள்ளைத் துணி விரித்து மேடை. சால்வை போர்த்திய ஒரு கிழவியின் படம், போனில் இருந்ததை மருந்துக்கடையில் பிரிண்ட் போட்டது. கேந்திப்பூ, மெழுகுவத்தி, ஒரு தம்ளர் தண்ணீர், உப்பு, நடுவில் தட்டு நிறையத் தமால், பக்கத்தில் வெள்ளைக்கார பிராண்ட் கோலா பாட்டில் ஒன்று. அம்மாவுக்கு அதுவும் பிடிக்குமாம். சின்னப் பையன் தமாலில் கெச்சப் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பெரியவன் அவனை முறைத்தான். தள்ளுவண்டி அம்மாவும் வந்திருந்தார். அவருக்கு எட்டு கட்டித் தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

எனக்கும் ஒன்று கொடுத்தாள். சோளத்தின் மணம், உள்ளே பீன்ஸ், அப்புறம் மெதுவாக அந்த இலை. தாளிப்பு இல்லை, காரமும் இல்லை. எங்கள் அம்மா கம்மஞ்சோற்றை உருட்டித் தூக்குச்சட்டியில் போட்டுக் கொடுப்பார், அந்த மாதிரி ஒரு சாப்பாடு. பசிக்கென்று செய்தது.

சரியாக வந்ததா என்று அவளிடம் கேட்டேன். மென்றுகொண்டே யோசித்தாள். மாவு பரவாயில்லை, பீன்ஸ் சரி, விறகுப் புகை இல்லை என்றாள். பிறகு படத்தைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா எதைச் சாப்பிட்டாலும் குறை சொல்லிக்கொண்டேதான் சாப்பிடுவாராம், இன்றைக்குச் சொல்வதற்கு ஒன்று கிடைத்துவிட்டது என்றாள்.

சொந்தக்காரர்கள் படிக்கிற இடத்தில் இதையும் எழுதிவிடுகிறேன். எங்கள் அம்மா திதிக்கு 5 வருஷமாக வடை கடையில்தான் வாங்குகிறேன். முழங்கால் வலி என்று காரணம் சொல்லிக்கொள்வேன். இந்த முறை தை அமாவாசைக்கு உளுந்து ஊறப்போட்டேன். தண்ணீர் ஊற்றாமல் ஆட்டினேன்.

ஒரு உதவி வேண்டும். கொடைக்கானல், சிறுமலைப் பக்கம் வேலையில் இருக்கும் பிள்ளைகள், வெண்ணெய்ப்பழ மரத்தின் இலை ஒன்றைப் பறித்துக் கசக்கி மோந்து பாருங்கள். எல்லா ரகத்திலும் அந்த மணம் இருக்காது என்று தங்கச்சி சொன்னாள். சோம்பு வாசனை வந்தால் எந்தத் தோட்டம், எந்த மரம் என்று குறித்துக்கொண்டு எனக்குப் போன் போடுங்கள். அவளுக்குச் சொல்ல வேண்டும்.